பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா ஒரு பக்கமாகச் சாய்கிறார், அது அவருக்கே தெரியவில்லை. ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 58 வயது. சேலத்தில் குகை என்ற பகுதியில் குழித்தறி நெய்தவர். நாலு மாதத்துக்கு முன் மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து இடது கை கால் வராமல் போய்விட்டது. இப்போது காலைத் தூக்குகிறார், கையும் ஓரளவு வருகிறது. ஆனால் கட்டிலில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் சரிகிறார். சொன்னால் நிமிர்கிறார், மறுபடி சரிகிறார். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் கவிழ்ந்தே போகிறார். இது பிடிவாதமா? துண்டால் நாற்காலியோடு கட்டி உட்கார வைக்கலாமா? திரும்பத் தறியில் உட்கார முடியுமா? வேண்டுதலுக்காக ஏற்காட்டுக்கு, சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா?

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபி செய்யும் வேலையில் சேலத்தில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை என்று சொல்லலாம். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. தான் சாய்ந்திருக்கிறோம் என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கணக்கில் அவர் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் "நேரா உக்காருப்பா" என்று நீங்கள் சொன்னதும் நிமிர்கிறார். அது உங்கள் குரலுக்கு நிமிர்வது. குரல் நின்றதும் அவரை நிமிர்த்தி வைக்க உள்ளே எதுவும் இல்லை.

நாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்தப் பக்கம் பாரம் இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது இல்லையா? முதுகெலும்பை ஒட்டியுள்ள தசைகளுக்குள்ளே, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்து சொல்லும் நுண்ணிய உணர்விகள் நிறைய இருக்கின்றன. மூட்டுகளிலும் உண்டு. பிட்டத்துத் தோலில் விழும் அழுத்தமும் ஒரு செய்திதான். இதெல்லாம் தண்டுவடத்தின் பின்பக்கமாக ஏறி, மூளைத்தண்டில் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாக மூளையின் உச்சிப்பகுதிக்குப் போகிறது. அங்கேதான் 'நான் இப்போது இப்படி இருக்கிறேன்' என்ற படம் உருவாகிறது. பக்கவாதம் இந்தப் பாதையில் எங்கே அடித்தாலும் அந்தப் படம் மங்கும். தசையில் பலம் இருக்கும், எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு இருக்காது.

கை கால் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நடுவுடம்பில், அதாவது நெஞ்சு, வயிறு, முதுகு, இடுப்பில், நடப்பது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்றால், அதன் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்க மூளை அடிபட்டாலும் மறுபக்கம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. கை போல முழுசாகத் தொங்கிப் போவதில்லை. அதனால் 'உடம்பு நல்லாத்தான் இருக்கு, கை கால் வந்தால் போதும்' என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். கைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள், பந்தைப் பிசையச் சொல்வார்கள், நடக்க வைக்க அவசரப்படுவார்கள். நடுவுடம்பு நிற்காமல் கை எதைப் போய் எடுக்கும், கால் எப்படி எட்டு வைக்கும்? என் அனுபவத்தில் சேலத்து வீடுகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான்.

இது அளந்து பார்த்த விஷயமும்கூட. 2008-இல் அமெரிக்காவில் ரையர்சன் என்ற பிசியோதெரபிஸ்டின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. பக்கவாதம் வந்து வெகுநாள் ஆனவர்களையும் நல்ல உடம்புக்காரர்களையும் உட்கார வைத்து, முன்னே குனிந்து ஒரு குறிப்பிட்ட நிலையைக் காட்டி, பிறகு தாமாகவே அதே நிலைக்கு வரச் சொன்னார்கள். நல்ல உடம்புக்காரர்கள் சராசரியாக 3 டிகிரி அளவில் தவறினார்கள். பக்கவாதம் வந்தவர்கள் ஏறக்குறைய 7 டிகிரி. யாருக்குத் தவறு அதிகமோ, அவர்களுக்குச் சமநிலைத் தேர்விலும் மதிப்பெண் குறைவாக இருந்தது. 7 டிகிரி கேட்கச் சின்ன எண்தான். ஆனால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி இடது கால் செருப்பைத் தேடிக் குனிபவருக்கு, கீழே விழுவதற்கும் விழாமல் இருப்பதற்கும் நடுவே இருப்பது அந்த அளவுதான்.

அப்புறம் குளியல். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான், ஏனென்றால் நோயை அதுவே காட்டிக் கொடுக்கிறது. உடம்பு நேராக இருக்கிறதா என்று மூன்று வழியில் நமக்குத் தெரிகிறது: கண், காதுக்குள்ளே உள்ள சமநிலை உறுப்பு, உடம்பிலிருந்து வரும் இந்த உணர்வு. காதுக்குள் உள்ளது தலையைப் பற்றித்தான் சொல்லும். தலையை நேராக வைத்துக்கொண்டே உடம்பைக் கோணலாக வைக்க முடியும், உங்கள் அப்பாவையே பக்கத்திலிருந்து பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஆக, மிச்சம் இருப்பது கண். பகலில் எதிரே உள்ள கதவு, சுவர், ஜன்னல் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அவர் இவ்வளவு நேரமாவது நிமிர்ந்திருக்கிறார். சொம்புத் தண்ணீர் முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடுகிறார், அந்த ஒரு துணையும் போய்விடுகிறது, கவிழ்கிறார். கரண்ட் போனாலும், ராத்திரி எழுந்து பாத்ரூம் போனாலும் இதேதான் நடக்கும். இன்றைக்கே செய்யக்கூடியது: முதுகு சுவரில் படும்படி, வழுக்காத ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுங்கள். வலது கை பிடிக்க ஒரு கம்பி சுவரில் இருக்கட்டும். தலைக்கு ஊற்றாமல் தோளிலிருந்து ஊற்றுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு எரியட்டும்.

சாய்வதெல்லாம் இந்த உணர்வுக் குறையால்தான் என்று நான் இங்கே உட்கார்ந்து முடிவு கட்டக் கூடாது. வேறு சில காரணங்களும் உண்டு, ஒன்றோடு ஒன்று கலந்தும் வரும். வலப்பக்க மூளை அடிபட்டவர்கள் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இருக்காது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே மீந்திருந்தால், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடினால், அதைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, நல்ல கையால் கட்டிலை அழுத்தித் தன்னையே வாதப் பக்கம் தள்ளிக்கொள்வது. நிமிர்த்தப் போனால் எதிர்த்துத் தள்ளுவார்கள், 'என்னைக் கீழே தள்ளுகிறாய்' என்று பயப்படுவார்கள். 1985-இல் பாட்ரீஷியா டேவிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் இதை விரிவாக எழுதினார். 2000-இல் ஜெர்மனியில் கார்நாத் குழு இப்படிப்பட்டவர்களைச் சாயும் நாற்காலியில் வைத்து, எப்போது நேராக இருப்பதாகத் தோன்றுகிறது என்று கேட்டது. மூளை அடிபட்ட பக்கமாக ஏறக்குறைய 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் நேராக இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்து அது நேரா கோணலா என்று மட்டும் சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது அடங்கிவிடும். உங்கள் அப்பா சொன்னதும் எதிர்ப்பில்லாமல் நிமிர்கிறார் என்பதால் இது இருக்காது என்றே நினைக்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கெட்டியான பலகையிலோ, உயரம் சரியாக இருந்தால் திண்ணையிலோ உட்கார வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படவேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் இடப்பக்கம் நில்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, விலா இரண்டு பக்கமும் கை வைத்து உடம்பை மெதுவாக நாலு விரல் அளவு ஒரு பக்கம் சாயுங்கள். எந்தப் பக்கம் சாய்த்தேன் என்று கேளுங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து, அதே இடத்துக்கு அவராகப் போகச் சொல்லுங்கள். பிறகு கண் திறந்து இதையே செய்யட்டும். கண் திறந்தால் சரியாக வருகிறது, மூடினால் தடுமாறுகிறது என்றால் நான் சொல்லும் உணர்வுக் குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதை அப்படியே உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை நாள் நன்றாக உட்கார்ந்தவர் ஒருநாள் திடீரென்று சாய்ந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், அது இந்தக் கதையே இல்லை. மறுபடி அடைப்பு வந்திருக்கலாம். உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், அதற்குமுன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். எலுமிச்சை தேய்ப்பது, காலை வரை பார்ப்போம் என்பது, இரண்டுமே வேண்டாம்.

துண்டால் கட்டலாமா என்றால், வேண்டாம். கட்டினால் உடம்பு துண்டின் மேல் சாய்ந்து கிடக்கும், தன் பாரத்தைத் தானே தாங்கும் வேலையே அதற்கு வராது. மணிக்கணக்கில் ஒரே பிட்டத்தில் பாரம் விழுந்தால் படுக்கைப் புண் வேறு வரும். கை வைத்த நாற்காலி, முன்னால் ஒரு மேசை, மேசை மேல் இடது முழங்கை. இது போதும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் அமுங்கும் மெத்தையும் இவருக்கு ஆகாது. பிட்டத்துக்குக் கீழே கெட்டியாக இருந்தால்தான் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்ற செய்தி மேலே போகும். சாப்பிடும்போது மட்டும் நீங்களே பக்கத்தில் இருந்து நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். சாய்ந்தபடி விழுங்கினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். சரிந்தவரை நிமிர்த்த இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பிலும் விலாவிலும் கை கொடுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நிமிரச் சொல்லாதீர்கள், கேளுங்கள். 'வெயிட் எந்தப் பக்கம்பா இருக்கு?' அவர் யோசிக்கட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொன்ன பிறகு எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். முழு உருவம் தெரியும் கண்ணாடி, அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒட்டிய கலர் டேப், சட்டையின் நடுவிலும் ஒரு டேப். இரண்டு கோடும் ஒன்றாக வருகிறதா என்று அவரே பார்ப்பார். முதலில் தன் உணர்வால் ஊகிப்பது, பிறகு கண்ணால் சரிபார்ப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. எப்போதும் கண்ணாடியைப் பார்த்தே உட்கார்ந்தால் கண்தான் வேலை செய்யும், மங்கிப்போன உணர்வு மங்கியபடியே இருக்கும். நாளாக ஆக, கண் மூடும் நேரத்தைக் கூட்டுங்கள். முதலில் சில நொடி, யாராவது பிடித்திருக்கும்போது மட்டும்.

இடுப்பையும் எழுப்ப வேண்டும். உட்கார்ந்தபடியே முதுகைக் கூன்போட்டு இடுப்பைப் பின்னால் உருட்டுவது, பிறகு நெஞ்சை உயர்த்தி முன்னால் உருட்டுவது. பெரும்பாலானவர்கள் முதல் நாள் தோளை மட்டும் ஆட்டுவார்கள், இடுப்பு அசையாது. உங்கள் உள்ளங்கையை அவர் கீழ்முதுகில் வைத்து, 'என் கையைத் தள்ளுங்க, இப்போ விடுங்க' என்று சொன்னால் புரிந்துகொள்வார். அடுத்து ஒவ்வொரு பிட்டமாகத் தூக்குவது. அடுத்து எட்டி எடுப்பது. வலது கையால், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாத தூரத்தில் உள்ளதை, முன்னே, பக்கத்தில், இடது முழங்காலைத் தாண்டி. வெறும் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் ஐந்து தடவையில் சலித்துப் போவார். நூல் சுற்றிய தார்களை ஒரு தட்டில் வையுங்கள், நிறம் பார்த்துப் பிரித்து இன்னொரு தட்டில் போடட்டும். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்தால் அந்தத் தட்டையும் ஒரு சாண் தள்ளியே வையுங்கள். எடுத்துத் திரும்பியதும் கேளுங்கள்: 'இப்போ நடுவுக்கு வந்துட்டீங்களா?' அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்ய வைக்காதீர்கள். களைத்தால் உணர்வு இன்னும் மங்கும், சாய்ந்தபடி பழகியதே மிஞ்சும். பத்துப் பதினைந்து நிமிடமாக நாளில் பல தடவை செய்வது நல்லது. சரியத் தொடங்கியதும் நிறுத்திப் படுக்க வையுங்கள். இதற்குப் பலன் உண்டா என்றால், உண்டு. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பக்கவாதத்துக்குப் பிந்தைய நடுவுடம்புப் பயிற்சி பற்றிய 68 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உட்காரும் கட்டுப்பாடு, நிற்கும்போது சமநிலை, நடை, அன்றாட வேலைகள் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. எல்லா ஆய்வும் ஒரே தரம் இல்லை, அதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கைக்கும் காலுக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை நடுவுடம்புக்குக் கொடுக்க இது போதுமான காரணம். நாலு மாதம் தாமதம் ஒன்றும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் கதவு மூடிவிடாது.

தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர முடியாதவர்கள், ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மலை வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்: வாசல் சரிவாக இருக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள். நல்ல உடம்பு அந்தச் சரிவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், இவருக்கு முடியாது. மட்டமான தரை தேடிப் போடுங்கள்.

தறிக்கு வருகிறேன். குழித்தறியில் உட்காருவது நாற்காலியில் உட்காருவது மாதிரி கிடையாது. சாய்ந்துகொள்ள முதுகுப்பக்கம் ஒன்றும் கிடையாது. கால் இரண்டும் குழிக்குள் மிதிக்கட்டையில் மாறி மாறி இறங்கும், ஒரு கை நாடா ஓடக் கயிற்றை இழுக்கும், மறுகை அடிக்கும். இவ்வளவும் ஆடும்போது இடுப்பும் முதுகும் நடுவில் நிற்க வேண்டும். கண்ணோ பாவிலும் துணியிலும் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க அதற்கு நேரம் கிடையாது. நெசவுக்காரருக்கு இந்த உணர்வு எவ்வளவு தேவை என்று இதிலேயே தெரியும். கண்ணை நம்பாமல் உட்காரப் பழக வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதும் இதனால்தான். திரும்ப நெய்வாரா என்று இப்போதே வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, இடது கையும் அதைத் தீர்மானிக்கும். ஆனால் தறியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். கண் மூடி ஒரு நிமிடம் சரியாமல் உட்கார முடிகிறபோது, இரண்டு பேர் துணையோடு தறிப் பலகையில் உட்கார வையுங்கள். குழியின் மேல் கெட்டிப் பலகை போட்டுப் பாதத்தை அதன்மேல் வையுங்கள். முதலில் நெய்ய வேண்டாம். அறுந்த இழையைக் காட்டச் சொல்லுங்கள், துணியைத் தடவிப் பார்க்கட்டும். நாற்பது வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்த உடம்பு, பிசியோதெரபி அறையில் காட்டாத சுறுசுறுப்பை அங்கே காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு இப்போதைக்கு அவசரம் இல்லை என்றால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் உடம்பு ஒரு பக்கம் தள்ளப்படும், அடுத்ததில் மறுபக்கம். நமக்கு முதுகுத் தசை முன்கூட்டியே இறுகிவிடும், அவருக்குச் சரிந்த பிறகும் தெரியாது. போயே ஆகவேண்டும் என்றால் பஸ் வேண்டாம், கார் எடுங்கள். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார வையுங்கள். வலது கைக்கு மேலே பிடி இருக்கும், இடப்பக்கம் நீங்கள் ஒட்டி உட்காரலாம். சீட் பெல்ட் கட்டாயம், இடது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. வளைவு வருமுன் 'வலப்பக்கம் திரும்புது' என்று டிரைவரைச் சொல்லச் சொல்லுங்கள், கண்ணைத் திறந்து சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கவிடாதீர்கள். கோயிலில் குகை மாதிரி தாழ்ந்து இருட்டாக இருக்கும் இடத்துக்குள் குனிந்து போகவேண்டியிருக்கும், அங்கே இவருக்குக் கண்ணும் உதவாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கும்பிடச் சொல்லுங்கள், உள்ளே நீங்கள் போய்வாருங்கள்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும்போது, நடுவுடம்புக்கென்று உள்ள மதிப்பீட்டைச் செய்து மதிப்பெண் எழுதித் தரச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே பார்க்கும் ஒரு தேர்வு இருக்கிறது, மொத்தம் 23 மதிப்பெண். இன்றைக்கு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து மறுபடி போடச் சொல்லுங்கள். கூடவே கண் மூடி எத்தனை நொடி சரியாமல் உட்கார்ந்தார் என்று வீட்டுக் காலண்டரில் நீங்களே எழுதி வாருங்கள். அந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு எழுதினால், தறிப் பலகையில் எப்போது உட்கார வைக்கலாம் என்று திட்டமாகப் பேசலாம்.